நடுரோட்டில் ஆரத்தி

அத்தியாயம் 14

முத்துமாரியம்மாள் கல்யாணத்துக்கு வருகிறாள் என்ற செய்தி வாய்க்கால்மேட்டில் கல்யாணச் செய்தியையே முந்திக்கொண்டு ஓடியது.

ஓடாமல் என்ன செய்யும்? போன வருஷம் ஐப்பசியிலிருந்து அண்ணன் சுயம்புலிங்கத்தின் வாசலை மிதிக்காதவள் அவள். கம்பம் ரோட்டில் அவருடைய கல்யாண மண்டபத்துக்கு நேர் எதிரே, ரோட்டு நடுவில் இருக்கும் தடுப்புச் சுவரில் ஒரு வெட்டு இருக்கிறதே, அங்கேதான் அவள் புருஷன் வேலுச்சாமி கார் மோதி விழுந்தார். வாழை இலைக்கட்டு ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். வலது கால் இன்று வரை மடங்கவில்லை. மோதியது மண்டபத்துக்குத் திரும்பிய கார். அந்த வெட்டும் மண்டபத்துக்காகவே போட்ட வெட்டு. ரோடு போட்ட காண்ட்ராக்டரைச் சரிக்கட்டி சுயம்புலிங்கம் வாங்கிய வழி அது என்பது ஊருக்கே தெரியும்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது வேறு.

போலீஸ் வந்து விசாரித்தபோது, "எங்க மாப்ளதான் சைக்கிளை விட்டுக்கிட்டுக் குறுக்க வந்தாப்ல, கார்க்காரன் மேல தப்பு இல்ல" என்று சாட்சி சொன்னது யார்? கூடப்பிறந்த அண்ணன்தான். தங்கை ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்க, கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பந்தி விசாரிக்கப் போனார் மனுஷன். காரை ஓட்டியவன் வெளியூரிலிருந்து வந்த கூலி டிரைவர் என்று எழுதிக் கேஸை மூடியாயிற்று.

போன வாரம் அதே அண்ணன் வெற்றிலைத் தட்டோடு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார். மகன் மதன்குமாருக்குக் கல்யாணம். பெண், போடியில் ஏலக்காய் வியாபாரம் பண்ணும் பெரிய குடும்பம். தட்டைத் தூக்கித் தெருவில் எறிவாள் என்றுதான் நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். அவள் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்தாள். அந்தச் சிரிப்பை நம்பியது சுயம்புலிங்கம் ஒருவர்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. அதற்கு முன்னால் அதே நாள் காலையில் இன்னொரு காரியம் இருந்தது.

நெடுஞ்சாலை ஆபீஸிலிருந்து உதவிப் பொறியாளர் ஷீபா வந்திருந்தாள். வாய்க்கால்மேட்டு ஜனங்கள் ரோட்டைத் தாண்ட எங்கே, எப்படி வழி செய்வது என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். மேற்கே வீடுகளும் மண்டபமும். கிழக்கே பள்ளிக்கூடம், பிள்ளையார் கோயில், பஞ்சு மில். நடுவில் கம்பம் ரோடு. கார்த்திகை பிறந்துவிட்டால் குமுளிக்குப் போகும் ஐயப்பன் வண்டிகள் வேறு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் சாமியைக் கும்பிட்டே ஆக வேண்டும், மாலை போட்டிருந்தாலும் போடாவிட்டாலும்.

முத்துமாரியின் மகள் ஹேமாவதி, எதிர்ப்பக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் எங்கே தாண்டுகிறார்கள், சைக்கிளில் மில்லுக்குப் போகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று மாதக்கணக்கில் பார்த்து, சார்ட் பேப்பரில் ஒரு படமே வரைந்து வைத்திருந்தாள். அதை ஜீப் பானெட்டில் விரித்தாள்.

"மேடம், இந்த எடத்துல ரோட்டையே நடைபாதை உசரத்துக்குத் தூக்கிரணும். அகலமா, மேடை மாதிரி. வண்டி தானா மெதுவாயிரும். நடுவுல பிள்ளைக நின்னு மூச்சு வாங்க ஒரு திட்டு. சைக்கிளு நேரா பாய முடியாதபடி கம்பியை வளைச்சு வைக்கணும். வர்ற வண்டியைப் பாத்துட்டுத்தான் தாண்ட முடியும். பட்டனை அமுக்குனா சிகப்பு விழணும்."

"அப்புறம்?"

"கார் திரும்புற வெட்டை மூடணும். கார் திரும்புற எடத்துலயே ஆளும் நின்னா, எங்கப்பாவுக்கு ஆனதுதான் எல்லாருக்கும் ஆகும்."

ஷீபா படத்தை நிமிராமல் பார்த்தாள். "நான் வரைஞ்சிருந்தாலும் இப்படித்தான் வரைஞ்சிருப்பேன் டீச்சர்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மண்டபத்திலிருந்து சுயம்புலிங்கம் இறங்கி வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் சந்தனம், பின்னால் கல்யாண வேலையாட்கள் ஒரு கும்பல். கையில் பளபளவென்று ஒரு கலர்ப் படம். நடைமேம்பாலம். அலங்கார வளைவில் அவருடைய அப்பா பெயர் கொட்டை எழுத்தில். தூணுக்குத் தூண் மண்டபத்தின் விளம்பரம்.

"கீழ ரோட்டுல கைய வைக்க வேணாம் மேடம். பாலம் கட்டிருவோம். செலவு என்னோடது. பிள்ளைக ஜம்முனு மேல போயி எறங்கிரும்."

கூட்டம் சலசலத்தது. பாலம் என்றால் நம் ஜனங்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. கட்டுகிறவன் யார், எதற்குக் கட்டுகிறான் என்று கேட்க மாட்டார்கள். தலையை அண்ணாந்து பார்க்க ஒன்று கிடைத்தால் போதும்.

மகளுக்குப் பின்னால் நின்ற முத்துமாரி முன்னால் வந்தாள். "அண்ணே, மில்லுக்குப் போறவுக சைக்கிளைத் தலையில தூக்கி வச்சு ஏறணுமாக்கும்?"

"சைக்கிள்காரவுக வாய்க்கால் பாலத்துகிட்ட இருக்குற திருப்பம் வரைக்கும் போயித் திரும்பி வரட்டும் ஆத்தா. கொஞ்ச தூரந்தான."

"அம்புட்டுக் கொஞ்ச தூரம்னா கார் போயித் திரும்பி வரட்டுமே. அதுக்குக் காலு வலிக்காதுல்ல."

யாரோ சிரித்தார்கள். சுயம்புலிங்கமும் சிரித்தார். சபையில் சிரிக்கத் தெரிந்த மனிதர் அவர். "இன்னைக்கு வீட்டுல விசேசம். எந்தங்கச்சி எம்புட்டு வேணும்னாலும் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, "மேடம், சாயந்தரம் அப்பாவோட வந்துருங்க" என்று ஷீபாவிடம் கும்பிட்டுவிட்டுப் போனார். ஷீபாவின் அப்பா ஜெபராஜுக்குத் தேனி பஜாரில் பலசரக்குக் கடை. சுயம்புலிங்கத்தோடு பல வருஷப் பழக்கம்.

கூட்டம் கலைந்த பிறகு ஷீபா தாயையும் மகளையும் மர நிழலுக்கு அழைத்துப் போனாள்.

"பாலம் கட்டுனா யாரும் ஏற மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா இந்த வெட்டை மூடணும்னா நான் காரணம் காட்டணும். இங்கன நடந்த பெரிய விபத்து அது ஒண்ணுதான். பதிவுல என்ன இருக்கு? சைக்கிள்காரர் கவனிக்காம குறுக்க வந்தாருன்னு இருக்கு. வெட்டு மேல தப்புன்னு ஒரு வரி இல்ல. இந்த நெலமையில மூடச் சொன்னா அவரு கோர்ட்டுக்குப் போவாரு. வருசக்கணக்கா இழுக்கும்."

"அந்தச் சாட்சி பொய்யின்னு தெரிஞ்சா?" என்றாள் முத்துமாரி.

"சொன்னவரே மாத்திச் சொன்னா நான் தைரியமா எழுதுவேன். ஆனா நாளன்னைக்கு அறிக்கை போயாகணும் அம்மா."

முத்துமாரியின் முகம் மலர்ந்து போயிற்று. ஒரு வருஷமாக அவள் மனசுக்குள் வைத்து வளர்த்த வன்மத்துக்கு, நெடுஞ்சாலை ஆபீஸே வந்து நாள் குறித்துக் கொடுத்துவிட்டது. இனித்தது அவளுக்கு.

மத்தியானம் வீட்டில் மஞ்சள் உரசிக்கொண்டிருந்தாள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் ரத்தச் சிவப்பாக மாறுமே, அந்த ஆலத்துக்கு, அதாவது ஆரத்திக்குத்தான்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இவர்கள் வகையறாவில் மாப்பிள்ளை அழைப்பு மண்டபத்தில் நுழையும் முன், மாப்பிள்ளையின் அத்தை ஆலத்தட்டோடு வழியை மறிப்பாள். ஒன்று கேட்பாள். ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளையின் அப்பன் அதைச் சபையில் கொடுத்த பிறகுதான் ஆலம் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து வழி விடுவாள். பட்டுச்சேலை கேட்பார்கள், மோதிரம் கேட்பார்கள். கொஞ்சம் பேரம், நிறையச் சிரிப்பு. இல்லை என்று சொன்ன அப்பன் இதுவரை கிடையாது. ஆலம் சுற்றாத மாப்பிள்ளை மணவறை ஏறியதும் கிடையாது.

சுயம்புலிங்கத்துக்கு ஒரே தங்கை. மதன்குமாருக்கு வேறு அத்தை இல்லை.

"அம்மா, அந்த வெட்டை மூடுறேன்னு மட்டும் கேளு" என்றாள் ஹேமாவதி. "மாமா பாலம் கட்டுறேங்குற பேச்சை விட்டாப் போதும். பிள்ளைக தாண்ட ஒரு வழி வரட்டும்."

"மூடுறேன்னு சொல்லுவான். கல்யாணம் முடிஞ்சதும் மறந்துருவான். மேடம் சொன்னது காதுல விழுகலையா? பொய்ச்சாட்சி இருக்குற வரைக்கும் வெட்டு இருக்கும்டி. நான் கேக்கப் போறது அந்தச் சாட்சியை."

"சபையில வச்சா?"

"சபையில வச்சுத்தான். உங்கப்பாவை ரோடு தாண்டத் தெரியாதவருன்னு சபையிலதான சொன்னான். மில்லு வாசல்ல, டீக்கடையில, இலைக்கடையில எல்லாரும் அதைத்தான சொல்றாக. போடிக்காரவுக பாக்கணும். சம்பந்தகாரக முன்னாடி அவன் மூஞ்சி போற போக்கை நான் பாக்கணும்."

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த வேலுச்சாமி இருமினார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்கிற மனிதர்.

"முத்து, வெட்டை மூடச் சொல்லிக் கேளு. சாட்சியைக் கேக்காத."

"ஏன்?"

"கல்யாண வீடு."

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் அங்கன கல்யாணந்தான் நடந்துச்சு. பந்தியில பாயாசம் ஊத்துனாக."

"மதனை நெனைச்சுப் பாரு. சின்னப் பய."

"அவனுக்கு என்ன கொறைச்சல்? அப்பன் செஞ்சதை அப்பன் சொல்லட்டும்." மஞ்சளை அழுத்தி உரசினாள். "நீங்க ஒரு வருசமா விடு விடுன்னு சொல்லித்தான் அவன் இம்புட்டுத் தூரம் வந்துருக்கான். நல்ல மனுசன்னு பேரு வாங்கவா நொண்டிக்கிட்டு இருக்கீக?"

வேலுச்சாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். புருஷனுக்குப் பயம் என்று முத்துமாரி நினைத்தாள். அண்ணன் வீட்டுப் பணத்தைக் கண்டு பயம். அதையும் சேர்த்துக் கழுவிவிட வேண்டும் என்று சுண்ணாம்பை எடுத்துப் போட்டாள். தண்ணீர் சிவந்தது.

மாலையில் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு கிளம்பியது. முன்னால் பேண்டு வாத்தியம், நடுவில் பூ ஜோடித்த திறந்த ஜீப்பில் மதன்குமார் கோட்டும் சூட்டுமாக, பின்னால் இரண்டு வீட்டு ஜனமும். கோயில் கிழக்கே, மண்டபம் மேற்கே. வெட்டு வழியாகத்தான் ரோட்டைத் தாண்ட வேண்டும். மண்டபத்து ஆட்கள் கொடி பிடித்து வண்டிகளை நிறுத்தினார்கள். தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நிற்காத ரோடு மாப்பிள்ளைக்கு நின்றது.

வாத்தியக்காரர்கள் வெட்டைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டார்கள். ஜீப் தேனி வண்டிகள் வரும் பாதையைக் குறுக்கே மறித்துக்கொண்டு வெட்டுக்கு வந்தது.

வெட்டில் முத்துமாரி நின்றாள். அரக்குப் பட்டு, நெற்றி நிறையக் குங்குமம், கையில் ஆலத்தட்டு.

எங்கே வழி மறிக்க வேண்டும் என்று அந்த வழக்கத்தில் யாரும் எல்லை போட்டு வைக்கவில்லை. எப்போதும் மண்டபத்து வாசலில் மறிப்பார்கள். அவள் நடுரோட்டில் மறித்தாள்.

ஜீப் நின்றது. தேனிப் பக்கம் ஐயப்பன் பஸ்கள் வரிசை கட்டின. கம்பம் பக்கம் திராட்சை லாரிகளும் கேரள நம்பர் கார்களும் ஹாரனை அழுத்தின. சுயம்புலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தங்கையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. அது நிஜமான கலக்கம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"வந்துட்டியா ஆத்தா" என்றவர், சட்டைப் பையிலிருந்து வெல்வெட் டப்பாவை எடுத்தார். "நீ கேக்குறதுக்கு முன்னாடியே வாங்கி வச்சுட்டேன். ரெட்டை வடச் சங்கிலி. வாசலுக்கு வா, அங்கன வச்சுப் போடுறேன்."

"நகை வேணாம்ணே. ஒரு பேச்சு போதும்."

"என்ன பேச்சு?"

"போன வருசம் ஐப்பசியில, இந்த எடத்துல, எங்க வீட்டுக்காரரு சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தாகளா, இல்ல குறுக்க வந்தாகளா? சபையில சொல்லுண்ணே."

டப்பாவைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"இதை உள்ள போயிப் பேசுவோம்."

"உள்ள போனா நீ பந்தி விசாரிக்கப் போயிருவ. இங்கன சொல்லு."

"ரெண்டு பக்கமும் வண்டி நிக்குது ஆத்தா. பிள்ளைக பொம்பளைக எல்லாம் ரோட்டுல நிக்குதுக."

"தெனமும் நிக்கிறாகளே. இன்னைக்குத்தான் உன் கண்ணுக்குத் தெரியுதாக்கும். நாளைக்கு நீ பாலத்தைக் கட்டிட்டா மாப்பிள்ளை அழைப்பை எங்கன கொண்டு போவ? ஜீப்பைப் படியில ஏத்துவியா?"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. போடிச் சம்பந்தி கருத்தக்கண்ணன் முன்னால் வந்தார். "என்ன விசயம் சம்பந்தி? அந்தம்மா என்ன கேக்குறாக?" என்றார். அவருக்குப் பின்னால், அப்பா ஜெபராஜோடு ஷீபா நிற்பதை முத்துமாரி பார்த்தாள். எல்லாம் அவள் நினைத்தபடியே அமைந்திருந்தது.

ஒரு லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சுயம்புலிங்கத்தின் கழுத்துச் சந்தனம் வேர்வையில் கரைந்து ஒழுகியது. சம்பந்தியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"நின்னுட்டுத்தான் இருந்தாப்ல" என்றார் கடைசியில். "மாப்ள மேல தப்பு இல்ல. நான் மாத்திச் சொல்லிட்டேன். போதுமா?"

போதும். எத்தனை ராத்திரி இந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் தூங்காமல் கிடந்திருக்கிறாள். நடுரோட்டில், கண்ணுக்கு எட்டிய தூரம் வண்டி நிற்க, அண்ணன் தலை குனிந்து அதைச் சொன்னபோது முத்துமாரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்போல இருந்தது.

சுயம்புலிங்கம் அதோடு நிறுத்தியிருக்கலாம். பழகிய வாய் நிற்கவில்லை.

"அந்த டிரைவர் பய காலைப் பிடிச்சுக் கெஞ்சுனான். பாவம்னு விட்டேன். இப்ப எங்கன இருக்கானோ, நாசமாப் போற பய" என்றார் சம்பந்தியைப் பார்த்து.

"அப்பா, போதும்ப்பா."

ஜீப்பிலிருந்து மதன்குமார் இறங்கினான். கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"டிரைவரும் இல்ல, யாரும் இல்ல. நான்தான் ஓட்டுனேன் அத்தை. மண்டபத்துல தாம்பூலப் பை தீந்து போச்சுன்னு அவசரமா தேனிக்குப் போயிட்டு வந்தேன். மாமா நின்னதைப் பாத்தேன். திருப்பிட்டு, பிரேக் பிடிக்க முடியல. அப்பாதான் ஆளை மாத்துனாக."

பேண்டு வாத்தியம் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. போடிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு வருசமா என்னைப் பாத்தா அத்தைன்னுகூடக் கூப்பிடாம ஓடி ஒளிஞ்சியே, அது இதுக்குத்தானாடா" என்றாள் முத்துமாரி.

"நான் ஒளிக்கல அத்தை. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்து மாமா கால்ல விழுந்தேன். மாமாவுக்கு எல்லாம் தெரியும். யார்கிட்டயும் சொல்லாத, உங்க அத்தைகிட்ட சொல்லவே சொல்லாதன்னு மாமாதான் சத்தியம் வாங்குனாக."

முத்துமாரி திரும்பினாள்.

வேலுச்சாமி அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். எப்போது கம்பை ஊன்றிக்கொண்டு வெட்டுக்குள் வந்தார் என்று தெரியவில்லை. அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"தெரியுமா?" என்றாள்.

"என் சைக்கிள் பார்ல ஒக்காந்து வளந்த பய, முத்து. அவனைப் போலீசுல பிடிச்சுக் குடுக்கச் சொல்றியா? காலு போனது போச்சு."

ஒரு வருஷம். அண்ணனைத் திட்டித் தீர்த்த ஒவ்வொரு நாளும் இந்த மனுஷன் முன்னால்தான் திட்டினாள். இந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டேதான் அழுதாள். முகம் தெரியாத ஒரு டிரைவரைச் சபித்து குச்சனூர் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போடப் போனபோது, பஸ் ஏற்றி அனுப்பியவரும் இவர்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரெல்லாம் சேர்ந்து அவளை ஏமாற்றியது ஒரு பங்கு என்றால், வீட்டுக்குள் நடந்தது பத்துப் பங்கு.

ஷீபா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். "தம்பி, இதை நீங்க எழுதிக் கொடுத்தா வெட்டை மூடச் சொல்லி நாளன்னைக்கே அறிக்கை போட்டுருவேன். டீச்சர் வரைஞ்ச மாதிரியே வழி வந்துரும். ஆனா போலீஸ் கேஸைத் திரும்ப எடுப்பாங்க. அதையும் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க."

"எழுத வேணாம்" என்றார் வேலுச்சாமி. "முத்து, பாலமே வரட்டும். நான் ரோட்டைத் தாண்டல, விடு."

"நீங்க தாண்ட வேணாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக தாண்டணும்ல" என்றாள் முத்துமாரி. அவ்வளவு அமைதியான குரலில் அவள் பேசி ஹேமாவதி கேட்டதே இல்லை.

மதன்குமார் கையிலிருந்த மாலையை வாங்கி அவன் கழுத்தில் போட்டாள். தட்டைத் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றினாள். ஆலத்தில் கட்டைவிரலைத் தோய்த்து அவன் நெற்றியில் வைத்து அழுத்தினாள். நகம் பதிகிற அழுத்தம். அவன் முகத்தைச் சுளிக்காமல் வாங்கிக்கொண்டான்.

"கேட்டது கெடைச்சிருச்சு. இனி மறிக்கக் கூடாது. வழக்கம்னா வழக்கம்." அவன் காதுக்கு மட்டும் இல்லாமல் சம்பந்தி காதுக்கும் கேட்கும்படி சொன்னாள். "நாளைக்கு முகூர்த்தம் முடியட்டும். தாலி கட்டுன கையாலயே எழுதிக் குடுத்துரு மருமகனே. எழுதாம விட்டா, நான் எழுதுவேன். நீ சொன்னதை இத்தனை பேரு கேட்டிருக்காக."

மதன்குமார் தலையசைத்தானா, இல்லை நெற்றியில் வழிந்த சிவப்பைத் துடைக்கக் குனிந்தானா என்று ஷீபாவால்கூடச் சொல்ல முடியவில்லை. போடிச் சம்பந்தி யாரிடமோ செல்போனில் பேசிக்கொண்டு கூட்டத்திலிருந்து ஒதுங்கிப் போனார். சுயம்புலிங்கம் வெல்வெட் டப்பாவைப் பையில் போடவும் தெரியாமல், நீட்டவும் தெரியாமல் நடந்தார்.

ஜீப் நகர்ந்தது. ஜனம் நகர்ந்தது. முத்துமாரி மாப்பிள்ளைக்கு முன்னால் தட்டை ஏந்தி மண்டபத்து வாசல் வரைக்கும் நடந்து வந்தாள். சிவப்புத் தண்ணீரை வாசலில் ஊற்றினாள். கொடி பிடித்தவர்களும் பின்னாலேயே வந்துவிட, நின்றிருந்த வண்டிகள் எல்லாம் மொத்தமாகக் கிளம்பின. காத்திருந்த கோபமும் சேர்ந்து கிளம்பியது.

அப்போதுதான் ஹேமாவதி திரும்பிப் பார்த்தாள். வேலுச்சாமி வெட்டிலேயே நின்றார். கூட்டம் போன வேகத்துக்கு அந்தக் காலால் ஈடு கொடுக்க முடியவில்லை. முன்னால் லாரிகள், முதுகுக்குப் பின்னால் பஸ்கள். தேனியிலிருந்து வந்த கல்யாணக் கார்கள் ஒவ்வொன்றாக வெட்டில் திரும்பி, அவரை ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தன. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"அம்மா, அப்பா அங்கன நிக்கிறாக."

"பாத்தேன்."

"தனியாத் தாண்ட மாட்டாகம்மா. நான் போயிக் கூட்டிட்டு வாரேன்."

முத்துமாரி மகளின் கையை எட்டிப் பிடித்தாள். விரல் எல்லாம் ஆலத்தின் சிவப்பு.

"ஒரு வருசம் சொல்லாம நின்ன மனுசன்தான. இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்."